சட்டை போட்டுப் புதைத்த காய்

9

பிணம் திருடுபோனால் போலீஸ் வரும். காய் திருடுபோனால் நாங்கள்தான் வரவேண்டும்.

சாதாரணக் காய் என்று நினைத்துவிடாதீர்கள். யாகோ மரத்துக் காய். முழங்கை நீளம், கைக்குழந்தை கனம். ஏரிக்குப் போனவன் திரும்பாமல், உடலும் கரை ஒதுங்காமல் போனால், எங்கள் ஆட்கள் அவனுக்குப் பதிலாக அந்தக் காயைத்தான் புதைப்பார்கள். மாடு அறுப்பதும் அதற்குத்தான், மார்பில் அடித்துக்கொண்டு அழுவதும் அதற்குத்தான். மண் விழுந்த பிறகு அது காய் இல்லை, ஆள்.

அந்த ஆளைத்தான் இப்போது காணோம்.

கொவாலா கிராமத்தில், ஏரியிலிருந்து திரும்பாத ஒடேராவின் வீட்டு வாசலுக்கு வலப்புறம், சரிந்துபோன கல்லறை மேட்டின் ஓரத்தில் என் முதலாளி மேடம் அமொண்டி குந்தி உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். ம்பிட்டா கடைத்தெருவில் வலைக்கயிறு விற்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம். பலகையில் அவர் பெயர் இருக்கிறது. கீழே என் பெயருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் இப்போதைக்குப் பல்லி குடியிருக்கிறது. நான் ஓயுகி. மினிபஸ் படியில் தொங்கிக்கொண்டு ஆள் பிடித்தவன், இங்கே வந்தும் ஆள்தான் பிடிக்கிறேன்.

குழியிலிருந்து ஒரு வாடை வந்தது. ஊறிப்போன சாக்கு, அழுகின பூசணி, மழையில் நனைந்த கிடா, மூன்றையும் ஒரே பானையில் போட்டு மூடி, மறந்துபோய், பிறகு திறந்தால் வருமே, அது. நான் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கை கழுத்தில் சொறிந்துகொண்டிருந்தது. கழுத்தில் எனக்குப் படர்தாமரை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வழக்கில் என் கழுத்துக்கும் பங்கு இருக்கிறது.

ஒடேராவின் மனைவி அலுவோச் தள்ளி நின்றாள். வாராவாரம் எங்களுக்கு ஓமெனா கருவாடு கொண்டுவந்து தருகிறவள். கேட்டதற்கு மேல் பேசாதவள். மேடம் கேட்கக் கேட்கச் சொன்னாள். போன மாதம் புயலில் படகு மட்டும் திரும்பி வந்தது. இந்தப் பக்கத்து யாகோ மரத்தைக் கரிக்காக வெட்டிவிட்டார்கள் என்பதால், கொழுந்தன் ஒகும்பாதான் ஏரியைக் கடந்து அக்கரைக்குப் போய் ஒரு காய் கொண்டுவந்தான். அவள் அதற்குப் புருஷனின் பச்சைக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிவிட்டாள். புதைத்தார்கள். முந்தாநாள் பெய்த மழையில் மேடு உள்வாங்கியது. பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. எவனோ எப்போதோ தோண்டி எடுத்துவிட்டு, மண்ணை ஒப்புக்குத் தள்ளி மூடியிருக்கிறான்.

முதலில் கூச்சல் போட்டவன் ஒகும்பா. அண்ணிதான் தோண்டினாள் என்றான். புருஷன் போனவள் கொழுந்தனைப் புருஷனாக ஏற்றுக்கொள்வது எங்கள் முறை; அந்தப் பேச்சு வந்ததிலிருந்து அவள் பிடிகொடுக்கவில்லையாம். கல்லறையை இல்லாமல் செய்துவிட்டால் தன்னைக் கட்டுப்படுத்த இந்த வீட்டில் எதுவும் இல்லை என்று கணக்குப் போட்டாளாம். புருஷன் கல்லறையைத் தோண்டியவள் இருக்கிற வீட்டில் பிள்ளைகள் இளைத்துச் சாவார்கள், மாடு கன்று போடாது. ஆகவே இன்று வெயில் சாய்வதற்குள் பெரியவர்கள் கூடி அவளைப் பிறந்த ஊருக்கு அனுப்பப்போகிறார்கள். பிள்ளைகள் இங்கேயே இருக்கும்.

எங்கள் மொழியில் விதவையைக் கல்லறையின் மனைவி என்றுதான் சொல்வோம்.

"கல்லறையே காலின்னா நான் யாரு பொண்டாட்டி அக்கா?" என்றாள் அலுவோச். "போறதுன்னா போறேன். சின்னவனுக்கு இன்னும் நான் பக்கத்துல படுத்தாத்தான் தூக்கம் வரும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன்.

மேடம் குழிக்குள் கைவிட்டு ஒரு துணியை வெளியே எடுத்தார். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. கறுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. காலர் மடிப்பில் வெள்ளையாக இரண்டு மூன்று நெளிந்தன. எனக்குக் காலையில் தின்ற சோளக்களி தொண்டைவரை வந்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, உள்ளே போனது.

"ஓயுகி, நல்லாப் பாரு."

"வேணாம் மேடம். வாழ்நாளுக்குப் போதுமான அளவு பார்த்துட்டேன்."

"மடிச்சு வெச்சிருக்கான்."

பார்த்தேன். பொத்தான் எல்லாம் போட்டு, கைகளை உள்ளே தள்ளி, கடையில் அடுக்குவதுபோல நான்காக மடித்திருந்தது. பிணக்குழியைத் தோண்டுகிற அவசரத்தில் ஒருவன் சட்டையை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இஸ்திரி போடவில்லையே என்று நான் குறைபட்டுக்கொண்டேன். மேடம் சிரிக்கவில்லை. வெறும் திருடனாக இருந்தால் அந்தச் சட்டையிலேயே காயைச் சுற்றிக்கொண்டு போயிருப்பான் என்றார். பிறகு அலுவோச் சட்டையைப் பார்க்கிற பார்வையைக் கவனித்தார். அவள் தோண்டியிருந்தால் காய் அங்கேயே கிடந்திருக்கும், சட்டைதான் காணாமல் போயிருக்கும் என்று எனக்கே தோன்றியது.

சரி, காய் யாருக்கு வேண்டும்?

புதைப்பதற்கு அடுத்தபடியாக யாகோ காய் மருந்துக்குத்தான் போகும். ஆறாத புண், கொப்புளம், படர்தாமரை. பட்டையை வயிற்றுக்கடுப்புக்குக் காய்ச்சுவார்கள். அதுபோக, காயின் வடிவத்தைப் பார்த்து ஆண்கள் தங்களுக்குள் வேறொரு நம்பிக்கையும் வைத்திருக்கிறார்கள். அதை நான் விளக்கமாட்டேன். காயை ஒருமுறை பார்த்தால் விளங்கிவிடும்.

"சந்தையில யாகோ மருந்து விக்கிறது யாரு?" என்று கேட்டார் மேடம்.

"ஒபொண்டோ" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை. என் சட்டைப்பையில் ஒபொண்டோவின் டப்பா இருந்தது. போன சனிக்கிழமை வாங்கியது. அன்றிலிருந்து காலையும் மாலையும் கழுத்தில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நான் காலஞ்சென்ற ஒடேராவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

*

ஒபொண்டோ தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொள்வான். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒலிபெருக்கி கட்டி, டப்பாக்களைப் பலகையில் பரப்பி, மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பான். நாங்கள் போனபோது அவன் குரல் சந்தையைத் தாண்டி ஏரிவரை கேட்டது. புண்ணா, யாகோ. புருஷன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறானா, யாகோ. மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா, அதற்குத் தனி டப்பா, தனியாக வந்து கேளுங்கள்.

வழியெல்லாம் நான் கழுத்தை ஏரித் தண்ணீரால் கழுவிக்கொண்டே வந்திருந்தேன். கழுத்து இப்போது உரித்த வெங்காயம்போல இருந்தது. கேட்கவேண்டியதை மனதுக்குள் தயார் செய்திருந்தேன். அவன் கழுத்தைப் பிடிப்பதாகவும் திட்டம் இருந்தது, கழுத்துக்குக் கழுத்து.

மேடம் என் கையிலிருந்து டப்பாவை வாங்கினார். மூடியைத் திறந்தார். ஒரு விரல் விட்டு வழித்தார். வாயில் வைத்தார்.

"மேடம்" என்றேன். "அது ஒடேரா."

நாக்கைச் சப்புக்கொட்டி யோசித்தார். இன்னொரு விரல் எடுத்தார். பக்கத்தில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்மணி என்னை நகர்த்தி உட்காரவைத்து, தலையை முழங்கால்களுக்கு நடுவே குனியச் சொன்னாள். அங்கே மீன் குடல் கிடந்தது. உதவியாக இல்லை.

"இது ஒடேரா இல்ல" என்றார் மேடம். "யாகோ கசக்கும். இது இனிக்குது. கருக வறுத்த சோளமாவு. கொஞ்சம் வாசலின். என்ன டாக்டர்?"

ஒபொண்டோ ஒலிபெருக்கியை அணைத்தான். அது இல்லாமல் அவன் குரல் மிகவும் சின்னதாக இருந்தது. மரம் எல்லாம் கரியாகப் போய்விட்டது, அக்கரைக்குப் போய்வந்தால் கட்டுப்படியாகாது, இரண்டு வருடமாகக் காய் என்பதையே கையால் தொடவில்லை என்றான். அவன் அப்பா நிஜமான வைத்தியராம். காயைத் துண்டு போட்டு, வெயிலில் நாள்கணக்காகக் காயவைத்து, வறுத்து, பொடித்து, கொழுப்பில் குழைத்துத்தான் தருவாராம். அதுவும் வெளிப்பூச்சுக்கு மட்டும். பச்சைக் காயைத் தொட்ட கையால் கண்ணைக்கூடத் துடைக்க விடமாட்டாராம்.

"பச்சையாத் தடவினா?"

"கொப்புளம் மேடம். தோல் வழண்டு வந்துரும்."

"குடிச்சா?"

ஒபொண்டோ இரண்டு கைகளாலும் வாயிலிருந்து ஒன்றையும் கீழிருந்து ஒன்றையும் ஊற்றிக்காட்டினான். மீன் கழுவுகிற பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆக, போலி மருந்து விற்கிறவன் எதற்குக் காய் திருடவேண்டும்? ஊரை ஏமாற்றியதால் அவன் திருட்டுப் பழியிலிருந்து தப்பித்தான். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. நான் ஒரு வாரமாகக் கழுத்துக்குக் களி ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"யாராவது வந்து, டப்பா வேலை செய்யலன்னு சண்டை போட்டாங்களா?" என்று மேடம் கேட்டார்.

வந்திருக்கிறான் ஒருவன். தொப்பியை இழுத்துவிட்டு, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு. தனக்கு இல்லை, நண்பனுக்கு என்றானாம். அந்தத் தனி டப்பாவை வாங்குகிற எல்லா ஆண்களுக்கும் அப்படி ஒரு நண்பன் இருக்கிறான். நண்பன் சீக்கிரமே ஒரு பெண்ணை ஏற்றுக்கொள்ளப்போகிறான், டப்பாவால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று கத்தியிருக்கிறான். அவனைத் தள்ளிவிட்டால் போதும் என்று ஒபொண்டோ, பொடியில் வீரியம் இருக்காது, முழுக்காய் கொண்டுவந்து அரைத்துப் பூசு, மிச்சத்தைக் காய்ச்சிக் குடி என்று சொல்லிவிட்டான்.

"பச்சையா கூடாதுன்னு சொன்னியா?"

ஒபொண்டோ டப்பாக்களை நேராக அடுக்கினான். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

"அவனுக்குக் காயே கிடைக்காதுன்னு நெனச்சேன் மேடம். யாரு யாகோ காயத் தூக்கிட்டு ஊருக்குள்ள நடப்பான்?"

மேடம் அந்த டப்பாக்கள் எல்லாவற்றையும் பலகையோடு தூக்கி ஏரியில் கவிழ்த்துவிட்டு, என்னைக் கிளம்பச் சொன்னார். போகிற வழியில் ஒன்றுதான் கேட்டார்: ஒருவன் யாகோ காயோடு படகிலிருந்து இறங்கினால் என்ன ஆகும்?

இது ஒரு கேள்வியா? கரையிலேயே ஒப்பாரி தொடங்கும். யார் போனது என்று ஊர் முழுக்க ஓடிவரும். வீடுவரை பின்னால் அழுதுகொண்டே வரும். அவன் காயை இறக்கிவைத்துவிட்டு, யாரும் போகவில்லை, இது என் சொந்த உபயோகத்துக்கு என்று சொல்லவேண்டியிருக்கும்.

சொல்லி முடித்தபோது எனக்கும் விளங்கிவிட்டது. ரகசியமாக ஒரு காய் வேண்டும் என்கிறவனுக்கு, இந்தக் கரையில் யார் கண்ணிலும் படாமல் எடுக்கக்கூடிய காய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

*

கூட்டம் கள்ளிவேலிக்கு உள்ளே, மாட்டுப்பட்டிக்குப் பக்கத்து மரத்தடியில். குலத்தின் மூத்தவர் ராதெங் சாய்வுநாற்காலியில். மற்றவர்கள் முக்காலிகளில். பெண்கள் தரையில். அலுவோச் ஒரு மூட்டையோடு வேலி ஓரம் நின்றாள். சின்னவன் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மூட்டையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒகும்பா பேசிக்கொண்டிருந்தான். நல்ல உடம்பு, நல்ல குரல். அண்ணன் எப்படிப்பட்டவன், இந்த வீட்டின் மானம் எப்படிப்பட்டது என்றெல்லாம் உருகினான். உதடு வீங்கி வெடித்திருந்தது, சூடான டீயாம். மாட்டுப்பட்டித் தூணில் கைவைத்து, இடுப்புக்குக் கீழே யாரோ ஒரு கூடையைச் செருகிவைத்ததுபோலக் கால்களை அகட்டி நின்றான். நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு தடவை வாழைக்குப் பின்னால் போய்வந்தான். துக்கம் தாங்கவில்லை என்று பெண்கள் உச்சுக்கொட்டினார்கள்.

மேடம் பெரியவரிடம் பேச அனுமதி கேட்டார். கிடைத்ததும், அவ்வளவு துக்கத்தில் இருக்கிற மனிதரை நிற்கவைத்திருக்கிறோமே என்றார். நான் ஓடிப்போய் ஒரு முக்காலி கொண்டுவந்து வைத்தேன். தரமான, கட்டை முக்காலி.

"உட்காருங்க தம்பி."

"பரவால்ல. நிக்கிறேன்."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க? உட்காருங்க."

"அண்ணன் மண்ணுல கிடக்கறப்ப நான் எப்படி உட்கார்றது?"

"அண்ணன்தான் மண்ணுல இல்லையே" என்றார் மேடம்.

கூட்டம் அசைந்தது. ஒரு கிழவர், ஆமாம், நாலைந்து நாளாக இவன் சாப்பாடுகூட நின்றுகொண்டுதான் தின்கிறான் என்றார். ராதெங் கண்ணை இடுக்கினார். உட்காரு என்றார். அவர் சொன்னால் அது மாடுகளுக்கும் பொருந்தும். ஒகும்பா முக்காலியைப் பார்த்தான். நெருப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். மெல்ல, மெல்ல, பாதிவரை இறங்கினான். முக்காலி தொட்டது.

அவன் போட்ட சத்தத்தைக் கேட்டு வேலியில் இருந்த கோழிகள் பறந்தன.

மேடம் குரலை உயர்த்தவே இல்லை. காயைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் வரமுடியாதவன் எங்கே தேடுவான் என்று கேட்டார். சட்டையை மடித்து வைத்தவனைப் பற்றிச் சொன்னார். வெளியாளுக்கு அது வெறும் அழுக்குத் துணி; செத்தவனுக்குப் பயப்படுகிறவன் மட்டும்தான் மடித்து வைப்பான், செத்தவனோடு பிறந்தவன். பிறகு பச்சைக் காயைப் பூசினால் என்ன ஆகும் என்பதையும், குடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். ஒபொண்டோவின் கையசைவை மட்டும் விட்டுவிட்டார்.

பெண்கள் ஒகும்பாவின் உதட்டைப் பார்த்தார்கள், பிறகு முக்காலியைப் பார்த்தார்கள்.

"டேய்" என்றார் ராதெங். "உங்க அண்ணனத் தடவினியா?"

ஒகும்பா தலையைக் குனிந்தான். "அண்ணிக்குத் தகுதியா இருக்கணும்னுதான் பெரியப்பா."

"குடிச்சியா?"

ஒகும்பா வீங்கின உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"குடிச்சியாடா?"

"கொஞ்சம்" என்றான் ஒகும்பா. "சக்கரை போட்டு."

முன்வரிசையில் ஒருவர் எழுந்துபோய் வேலி ஓரம் வாந்தி எடுத்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். ராதெங் பக்கவாட்டில் திரும்பி நீளமாக ஒரு எச்சில் துப்பினார். நான் இந்தத் தொழிலில் கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறேன். யாரையும் ஒரு கூட்டமே இப்படி முகத்தைச் சுளித்துப் பார்த்ததில்லை. யாரோ ஒருத்தி சிரிக்கத் தொடங்கி, அதை அழுகையாக மாற்றிக்கொண்டாள்.

மிச்சம் எங்கே என்று கேட்டார்கள். கட்டிலுக்கு அடியில் என்றான். எடுத்துவரச் சொன்னார்கள். எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள், மேடம் என்னைப் பார்த்தார். துப்பறியும் நிறுவனத்தில் உதவியாளர் என்று எதற்காக ஒருவனை வைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது.

அது ஒரு வாளியில் இருந்தது. பாதிதான். வெட்டின பக்கம் கறுத்துக் கூழாகி, கூழுக்குள் என்னவெல்லாமோ தங்கள் பாட்டுக்குக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. மேலே ஒரு கரண்டி. கரண்டியைப் பார்த்திருக்கவேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வாளியோடு தூக்கிவர நினைத்தேன். ஆனால் வாசலில் அலுவோச் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு வாளியில் கொண்டுபோக மனம் வரவில்லை. என் மேல்சட்டையைக் கழற்றி, அதில் பொதிந்து, குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தார். மன்னிச்சுக்க அண்ணே என்று யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.

ராதெங் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். பாதியானாலும் இது ஒடேராதான், திரும்ப மண்ணுக்குப் போகும். கல்லறை காலியில்லை, ஆகவே கல்லறையின் மனைவி எங்கேயும் போகவேண்டாம். மூட்டையை அவிழ்க்கட்டும். நாளைக் காலையில் ஒகும்பா அக்கரைக்குப் போய்ப் புதுக்காய் ஒன்று கொண்டுவந்து, அண்ணன் குறைந்த பாதியை நிரப்பவேண்டும். பட்டப்பகலில், தலையில் வைத்து, ஊர் நடுவே. யார் போனது என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லவேண்டும்.

அக்கரைக்குப் படகில் போகவர அரைப்பகலுக்கு மேல் ஆகும். படகில் உட்காருகிற இடம் வெறும் பலகை. ஒகும்பாவின் முகத்தைப் பார்த்தபோது அது அவனுக்கும் நினைவுக்கு வந்துவிட்டது தெரிந்தது.

பிறகு ராதெங் தொண்டையைக் கனைத்தார். முறை என்று ஒன்று இருக்கிறது, கேட்டாகவேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கொழுந்தன் கொழுந்தன்தான். அவனை ஏற்றுக்கொள்வதில் அவளுக்கு என்ன எண்ணம் என்று கேட்டார்.

அலுவோச் மூட்டையைத் தரையில் வைத்தாள். சின்னவன் உடனே அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"அவர் முதல்ல உட்காரட்டும் மாமா" என்றாள். "அப்புறம் பேசிக்கலாம்."

இந்தமுறை சிரிப்பை யாரும் அழுகையாக மாற்றவில்லை. ராதெங்கின் நாற்காலிகூடக் குலுங்கியது.

எல்லோரும் கல்லறைப் பக்கம் நகர்ந்தார்கள். மேடம் அந்தப் பச்சைக் கட்டச் சட்டையை அலுவோச்சிடம் கொடுத்தார், திரும்ப மாட்டிவிடுவதற்கு. அவள் வாங்கி, மடிப்பைப் பிரித்து, கொஞ்சநேரம் கையில் வைத்திருந்தாள். வேறு சட்டை தருகிறேன் அக்கா, இதை நான் துவைத்து வைத்துக்கொள்கிறேன் என்றாள். அன்றைக்கு மனசில்லாமல்தான் போட்டுவிட்டாளாம். சொல்லிக்கொண்டே அந்த அழுகல், கறை, புழு எல்லாவற்றோடும் சட்டையை முகத்தோடு சேர்த்து மூச்சை இழுத்தாள். முகம் சுளிக்கவில்லை.

காலையிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டே திரிந்தவன் நான். இரண்டு கையிலும் ஒடேரா இருந்ததால் அப்போது பிடிக்க முடியவில்லை. பிடிக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை.